சுவடு பார்த்தவரின் சுவடு: ஏழு நாள் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: போவி கோட்டை, அரிசோனா

டூசானிலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பினோம். தம்பி வண்டி ஓட்ட, நான் மடியில் நோட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில். ஊரைத் தாண்டியதுமே கேட்டான்: "அக்கா, இந்த டாம் ஹார்ன் நல்லவனா கெட்டவனா? முதல்ல அதைச் சொல்லு."

"அதைத் தெரிஞ்சுக்கத்தான்டா ஒரு வாரம் லீவு போட்டு வந்திருக்கேன்" என்றேன்.

டாம் ஹார்ன் 1860 நவம்பர் 21 அன்று மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். பதின்வயதில் வீட்டை விட்டு மேற்கே ஓடிவந்தார். அரிசோனாவில் ராணுவத்தின் கோவேறு கழுதைகளுக்குச் சுமை கட்டினார், அப்பாச்சிப் பழங்குடியினரின் மொழியும் ஸ்பானிஷும் கற்றார், ராணுவத்துக்குத் தடம் பார்த்துச் சொல்லும் சாரணர் ஆனார். அப்புறம் பிங்கர்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்து ரயில் கொள்ளையர்களைத் துரத்தினார். கடைசியில் மாட்டுப் பண்ணை முதலாளிகளிடம் வேலைக்குப் போனார். 1903-ல் ஒரு சிறுவனைக் கொன்ற குற்றத்துக்காகத் தூக்கில் போட்டார்கள். என் அப்பா ரயில்வே பாதுகாப்புப் படையில் இருந்தவர். கூட்ஸ் வண்டியின் உடைந்த சீலை விரலால் தடவிப் பார்த்தே கதை சொல்வார். ரயில் துப்பறிவாளர் என்ற வார்த்தையைப் பார்த்ததும் நான் இந்த மனிதரைப் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

தமிழில் எழுத உட்கார்ந்ததும் ஒரு சிக்கல். இவரை 'அவர்' என்பதா, 'அவன்' என்பதா? ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இப்போதைக்கு 'அவர்' என்றே எழுதுகிறேன்.

கோட்டைக்கு வண்டி போகாது. வண்டியை நிறுத்திவிட்டு ஒன்றரை மைல் நடக்க வேண்டும். பழைய தபால் வண்டி நிலையத்தின் இடிபாடு, ஒரு சிறிய கல்லறைத் தோட்டம், அப்பாச்சி ஊற்று என்று வழி போகிறது. அந்தத் தண்ணீருக்காகத்தான் இங்கே அத்தனை சண்டையும். கோட்டையில் இப்போது மிச்சம் இருப்பது மண்சுவர்கள் மட்டும். மழையில் கரையாமல் இருக்கச் சுண்ணாம்பு பூசி வைத்திருக்கிறார்கள். அப்பாச்சித் தலைவர் ஜெரோனிமோவை ராணுவம் தேடிய வேட்டைக்கு இதுதான் தலைமையிடம்.

நான் அதிக நேரம் நின்றது கல்லறைத் தோட்டத்தில். வரிசையாக நட்ட பலகைகளில் ஒன்று 'லிட்டில் ரோப்' என்ற குழந்தையுடையது. ஜெரோனிமோவின் மகன். 1885-ல் சாகும்போது வயது இரண்டு. பலகையின் அடியில் யாரோ ஒரு சின்ன வெள்ளைக் கூழாங்கல்லை வைத்திருந்தார்கள். அதன்மேல் எறும்பு ஒன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நான் தேடி வந்தது இந்தக் குழந்தையை இல்லை. ஆனாலும் நோட்டின் முதல் பக்கத்தில் இந்தப் பெயர்தான் இருக்கிறது.

இரண்டாம் நாள்: ஸ்கெலிட்டன் கேன்யன்

80-ஆம் எண் நெடுஞ்சாலையில் 'அப்பாச்சி' என்ற இடத்தில் கற்களை அடுக்கிக் கட்டிய உயரமான நினைவுத் தூண் நிற்கிறது. 1934-ல் எழுப்பியது. 1886 செப்டம்பரில் ஜெரோனிமோ அமெரிக்க ராணுவத்தின் ஜெனரல் மைல்ஸிடம் சரணடைந்த பள்ளத்தாக்கு இங்கிருந்து சில மைல்.

இந்தச் சரணடைதலுக்குத் தானே முக்கியக் காரணம் என்கிற மாதிரி ஹார்ன் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். சிறையில் இருந்தபோது எழுதியது. அவர் இறந்த மறுவருடம், 1904-ல், டென்வரில் அச்சானது. ஆனால் தூணில் இருக்கும் பெயர்கள் வேறு. லெப்டினென்ட் கேட்வுட். அவருடன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெரோனிமோவின் முகாமுக்குள் போன இரண்டு அப்பாச்சி சாரணர்கள், கயீட்டா, மார்ட்டீன். ஹார்ன் பெயர் இல்லை. ராணுவப் பதிவுகளும் கல் பக்கம்தான். அன்று கேட்வுட்டுக்கு மொழிபெயர்த்தவர் ஜார்ஜ் ராட்டன் என்று அவை சொல்கின்றன.

அதற்காக ஹார்ன் சொன்னதெல்லாம் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. அதே 1886 ஜனவரியில், மெக்சிகோவின் சியெரா மாட்ரே மலைக்குள் கேப்டன் எம்மட் க்ராஃபர்ட் சுமார் நூறு அப்பாச்சி சாரணர்களுடன் போனபோது ஹார்ன் கூட இருந்தார். ஜெரோனிமோவின் முகாமைக் கண்டுபிடித்த மறுநாள் விடியலில் மெக்சிகோ நாட்டுத் துணைப்படை ஒன்று இவர்களை எதிரிகள் என்று சுட ஆரம்பித்தது. க்ராஃபர்ட் ஒரு பாறைமேல் ஏறி வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டினார். தலையில் குண்டு பாய்ந்து, ஒரு வாரம் கிடந்து இறந்தார். ஹார்னுக்குக் கையில் குண்டடி. பொறுப்பேற்ற லெப்டினென்ட் மாஸ் தன் அறிக்கையில் ஹார்னைப் பாராட்டியிருக்கிறார். செய்த வீரம் இவ்வளவு இருக்கும்போது செய்யாததையும் எதற்குச் சேர்த்துக்கொண்டார்? வழியெல்லாம் இதைத்தான் யோசித்தேன்.

தூண் சொல்லாத ஒன்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். சரணடைந்தவர்களை செப்டம்பர் 8 அன்று போவி ரயில் நிலையத்தில் ஏற்றி ஃப்ளோரிடாவுக்கு அனுப்பினார்கள். கோட்டையை விட்டுக் கிளம்பும்போது ராணுவ வாத்தியக் குழு பிரிவுப் பாட்டு வாசித்தது. அந்த ரயிலில் கயீட்டாவும் மார்ட்டீனும் கைதிகளாகவே ஏற்றப்பட்டார்கள். அரசாங்கத்துக்காக உயிரைப் பணயம் வைத்த அதே இரண்டு பேர். அந்த மக்கள் போர்க்கைதி என்ற பெயரிலிருந்து விடுபட 1913 ஆயிற்று. இருபத்தேழு வருடம்.

படித்ததும் தம்பி வண்டியை ஓரம் கட்டிவிட்டான். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

மூன்றாம் நாள்: கோட்டோபாக்ஸி, கொலராடோ

நேற்று ராத்திரி விமானத்தில் டென்வர் வந்தோம். இன்று 50-ஆம் எண் சாலையில் ஆர்க்கன்சா ஆற்றை ஒட்டியே பயணம். ஆற்றின் மறுகரையில் தண்டவாளம் கூடவே வருகிறது. 1997-க்குப் பிறகு இந்தப் பாதையில் சரக்கு ரயில் ஓடுவதில்லை. தண்டவாளம் துருப்பிடித்துச் செம்மண் நிறத்தில் கிடக்கிறது. ஜல்லிக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குச் செடி.

1891 ஆகஸ்ட் 31 ராத்திரி இந்தப் பாதையில்தான் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே ரயிலைக் கோட்டோபாக்ஸி அருகே மறித்துக் கொள்ளையடித்தார்கள். ஹார்ன் அப்போது பிங்கர்டனுக்குப் புதுசு. கனிசன் பகுதி ஷெரிஃபாக (காவல் அதிகாரியாக) இருந்த 'டாக்' ஷோர்ஸுடன் தடம் பார்த்துக் கிளம்பினார். சங்ரே தி கிறிஸ்டோ மலையைத் தாண்டி, டெக்சஸ் வழியாக, இன்றைய ஓக்லஹோமாவில் இருக்கும் வாஷிடா வரை வாரக்கணக்கில் குதிரைப் பயணம். 'பெக் லெக்' வாட்சன், பர்ட் கர்ட்டிஸ் என்ற இருவரையும் பிடித்துக் கொண்டுவந்தார்கள்.

ரயில் கம்பெனிகளுக்குத் தனியார் துப்பறிவாளர்கள் ஏன் தேவைப்பட்டார்கள் என்பது இந்த வழக்கிலேயே புரிகிறது. ஷெரிஃபின் அதிகாரம் அவருடைய எல்லைக் கோட்டோடு முடிந்துவிடும். கொள்ளைக்காரன் குதிரையில் நாலு எல்லை தாண்டுவான். பிங்கர்டனுக்கு எல்லா ஊரிலும் கிளை, எல்லா ஊருக்கும் தந்தி. ஆனால் தந்திக் கம்பி இல்லாத மலையில் கிளையால் என்ன பயன்? அங்கே குளம்புத் தடத்தைப் பார்த்து எந்தக் குதிரை நொண்டுகிறது என்று சொல்கிற ஆள் வேண்டும். அடுப்புச் சாம்பலைக் கையால் தொட்டு எப்போது அணைந்தது என்று சொல்ல வேண்டும். அப்பாச்சிகளுடன் திரிந்து ஹார்ன் கற்ற வித்தைக்கு ராணுவத்துக்குப் பிறகு கிடைத்த அடுத்த முதலாளி ரயில்.

தண்டவாளத்தருகே இறங்கி நின்றேன். ஆற்றுச் சத்தம் மட்டும்தான். ஒரு ஆணி பாதி கழன்று நின்றது. தொட்டதும் விரலில் துரு ஒட்டிக்கொண்டது. அப்பா இருந்திருந்தால் அந்த ஆணியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

நான்காம் நாள்: டென்வர்

முழு நாளும் பொது நூலகத்தின் மேற்கத்திய வரலாற்றுப் பிரிவில். தம்பி வேலைக்குப் போய்விட்டான்.

தன்வரலாற்றின் கடைசிப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்பாச்சி காலத்துக்குப் பக்கம் பக்கமாக இடம். பிங்கர்டன் வாழ்க்கைக்குக் கொஞ்சம். அப்புறம் வயோமிங் வந்து ஸ்வான் கால்நடைக் கம்பெனியில் சேர்ந்தேன், அதற்குப் பிறகு என் வாழ்க்கை என்னைவிட மற்றவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று ஒரு வாக்கியம். அவ்வளவுதான், கதை நின்றுவிடுகிறது. 1894 முதல் கடைசி வரையான ஒன்பது வருடங்கள் அந்த ஒரு வாக்கியத்துக்குள் போய்விட்டன. நடக்காத இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்டவர், இருந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. நேற்று முன்தினம் வழியில் யோசித்த கேள்விக்கு இது பாதி பதில் என்று தோன்றுகிறது. அந்த அப்பாச்சி வருடங்கள்தான் அவர் தன்னைப் பற்றி நினைக்க விரும்பிய வருடங்கள்.

இன்னொன்று. 1891-ல் ரீனோவில் சூதாட்ட மேஜையைக் கொள்ளையடித்ததாக ஹார்ன் கைதானார். பிங்கர்டன் துணை நின்றது, விடுதலை கிடைத்தது. ஆனால் அவர்தான் அதைச் செய்தார் என்று நிறுவனத்துக்கே தெரியும் என்று அதே நிறுவனத்தில் வேலை பார்த்த சார்லி சிரிங்கோ பின்னாளில் எழுதினார். கொள்ளைக்காரனைப் பிடிக்கச் சம்பளம் வாங்கியவர்மேல் கொள்ளைப் புகார். இந்தத் தகவலோடு மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள்: ஷயான், வயோமிங்

ஆவணக் காப்பகத்தில் காலை ஒன்பதிலிருந்து மூடும்வரை. ஊழியர் ஒருவர் கேட்காமலேயே உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர்.

முதலில் பின்னணி. திறந்த புல்வெளி முழுக்கத் தங்களுடையது என்று நினைத்த பெரிய மாட்டு முதலாளிகள் 1892-ல் கூலிப்படை கூட்டிக்கொண்டு சின்ன விவசாயிகள்மேல் படையெடுத்துத் தோற்றார்கள். மாடு திருடியவன் என்று யாரை நிறுத்தினாலும் ஜூரி தண்டிப்பதில்லை. அதன்பின் படை வேண்டாம், சத்தமில்லாமல் வேலை முடிக்கும் ஒரு ஆள் போதும் என்ற எண்ணம் வந்தது. 1895-ல் அயர்ன் மவுண்டன் பக்கம் லூயிஸ், பவல் என்ற இருவர் எச்சரிக்கைக் கடிதம் வந்தபிறகு சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1900-ல் கொலராடோவின் பிரவுன்ஸ் பார்க்கில் மாட் ராஷும், ஐசம் டார்ட் என்ற கறுப்பினக் கௌபாயும் கொல்லப்பட்டார்கள். எல்லாவற்றிலும் ஹார்ன்மேல் சந்தேகம், எதிலும் தண்டனை இல்லை.

1901 ஜூலை 18 காலை. கெல்ஸ் நிக்கல் என்பவர் மாட்டு நாட்டுக்குள் ஆடு கொண்டுவந்து பகை சம்பாதித்தவர். ஆடு புல்லை வேரோடு மேயும் என்று மாட்டுக்காரர்களுக்குக் கோபம். அவருடைய மகன் வில்லி, வயது 14, அப்பாவின் குதிரையில், அப்பாவின் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு கிளம்பினான். வீட்டிலிருந்து ஒரு மைல்கூட இல்லாத வாயிற்கதவைத் திறக்க இறங்கினான். இரண்டு குண்டுகள். மறுநாள் மாடு ஓட்டிப்போன தம்பி ஃப்ரெட்தான் உடலைப் பார்த்தான். வில்லியின் தலைக்கடியில் ஒரு கல் வைத்திருந்தது.

அடுத்த ஜனவரியில் துணை மார்ஷல் ஜோ லஃபோர்ஸ் மொன்டானாவில் வேலை இருக்கிறது என்று ஹார்னை அழைத்துப் பேச்சுக் கொடுத்தார். கதவுக்குப் பின்னால் சுருக்கெழுத்தர் சார்லஸ் ஓன்ஹாஸ் உட்கார்ந்து எழுதினார். முந்நூறு கஜத்திலிருந்து சுட்டதாகவும், தான் சுட்டதிலேயே சிறந்த குறி அதுதான், தான் செய்ததிலேயே இழிந்த காரியமும் அதுதான் என்றும் ஹார்ன் சொன்னதாக அந்தப் பதிவில் இருக்கிறது. இந்த வரியை நோட்டில் எழுதும்போது என் கை 'சொன்னான்' என்று எழுதிவிட்டது. அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

ஹார்ன் நீதிமன்றத்தில், குடித்துவிட்டு ஒருவருக்கொருவர் கதை அளந்தோம், அவ்வளவுதான் என்றார். பள்ளி ஆசிரியை கிளெண்டலீன் கிம்மெல், பக்கத்துப் பண்ணை மில்லர் குடும்பத்துப் பையன் விக்டர்தான் செய்தான் என்று பின்னர் பிரமாணம் கொடுத்தார். அந்த இரு குடும்பங்களுக்கும் நீண்ட பகை. எதுவும் எடுபடவில்லை. 1902 அக்டோபரில் குற்றவாளி என்று தீர்ப்பு. 1993-ல் இதே ஷயானில் பாவனையாக ஒரு மறுவிசாரணை நடத்தி, அதில் விடுதலை என்றார்கள்.

1903 ஆகஸ்டில் சிறையிலிருந்து தப்பினார். கையில் புது மாதிரித் தானியங்கித் துப்பாக்கி. அதன் பாதுகாப்புப் பூட்டை எடுக்கத் தெரியவில்லை. சில நிமிடங்களில் பிடிபட்டார். நவம்பர் 20 அன்று தூக்கு. அந்தத் தூக்குமேடையில் தண்டனைக்குரியவரே பலகையில் ஏறி நின்றதும் அடியில் ஒரு அடைப்புத் திறந்து தண்ணீர் ஒழுகும், எடை மாறும், சுமார் அரை நிமிடத்தில் பலகை விழும். யார் கையும் படாது. தண்ணீர் ஒழுகும் சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறார். நண்பர்களான இர்வின் சகோதரர்கள் வாழ்க்கையை மலைப்பாதை ரயிலாகச் சொல்லும் பக்திப் பாட்டு ஒன்றைப் பாடினார்கள்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சாராயப் பேச்சை ஒட்டுக்கேட்டு எழுதிய தாளை நம்பி ஒரு உயிரை எடுத்திருக்கக் கூடாது. ஆனால் அவர் செய்யவில்லை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் எனக்கு உண்மை. பணம் கொடுத்தவர்கள் ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை என்பது மூன்றாவது. ஹார்ன் கடைசிவரை ஒரு பெயரும் சொல்லவில்லை.

ஆறாம் நாள்: அயர்ன் மவுண்டன்

211-ஆம் எண் சாலை ஷயானிலிருந்து வடமேற்கே போகிறது. ஹார்ஸ் கிரீக் தாண்டியதும் கல் ரோடு. நிலமெல்லாம் தனியாருடையது. அதனால் சாலையை விட்டு இறங்குவதில்லை என்று முதலிலேயே முடிவு. கண்ணுக்கெட்டும் வரை காய்ந்த புல், இடையிடையே பாறை மேடுகள். ஒருவன் படுத்துக் காத்திருக்க இங்கே ஆயிரம் இடம்.

பதினோரு மணிக்கு டயர் போனது. ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் காற்று இல்லை. வாடகை வண்டி எடுக்கும்போது அதை அமுக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. போனில் சிக்னலும் இல்லை. ஒன்றேகால் மணி நேரம் கழித்து ஒரு பிக்கப் வந்தது. அறுபது வயது தாண்டிய பண்ணைக்காரர். இறங்கினார், டயரைப் பார்க்கவில்லை. நாங்கள் வந்த வழியில் முப்பது அடி நடந்து, குனிந்து, ரோட்டைப் பார்த்தார். "அந்த வளைவுக்கு முன்னாடியே போயிருக்கு. நீங்க கவனிக்காம ஓட்டியிருக்கீங்க" என்றார். காட்டினார்: நல்ல டயரின் தடத்தில் பட்டைகள் தெளிவாக இருந்தன. பின்பக்க இடது டயரின் தடம் மட்டும் அகன்று, இரு ஓரமும் அழுத்தமாகவும் நடு மங்கலாகவும் இருந்தது. அதன் குறுக்கே சின்னச் சின்னப் பிளவுக் குளம்புகள். "இது ப்ராங்ஹார்ன் மான். உங்க தடத்துக்கு மேல இருக்கு பாருங்க. நீங்க வந்தப்புறம் போயிருக்கு." நாங்கள் காருக்குள் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தபோது பின்னால் மான்கள் கடந்து போயிருக்கின்றன. எங்களுக்குத் தெரியவில்லை.

சுவடு, சுவடி. நான் ஐந்து நாளாகச் சுவடியைப் புரட்டுகிறேன். இவர் ஒரு நிமிடத்தில் சுவட்டைப் படித்துவிட்டார். ஹார்னின் வித்தையை நேரில் பார்த்தது அப்போதுதான்.

அவர் வண்டியிலேயே பம்ப் இருந்தது. காற்றடித்துக்கொண்டிருந்தபோது ஹார்னைப் பற்றிக் கேட்டேன். கை நின்றது. "எல்லாரும் ஹார்னைக் கேட்டுத்தான் வர்றாங்க. அந்தப் பையனைக் கேட்டு யாரும் வர்றதில்லை" என்று சொல்லிவிட்டு மறுபடி அடித்தார்.

கிளம்புமுன் சாலையோர முள்வேலியில் இருந்த ஒரு கம்பிக் கதவைத் திறந்து மூடிக் காட்டச் சொன்னேன். அது அவருடைய கதவு. கம்பி வளையத்தைக் கழற்ற, கட்டையைத் தோளோடு அணைத்து இழுக்க வேண்டும். இரண்டு கையும் வேண்டும். முதுகு முழுக்க வெளியே காட்டி நிற்க வேண்டும். எனக்கு மூன்றாம் முறைதான் வளையம் கழன்றது. பதினாலு வயதுப் பையனுக்கு, அப்பாவின் பெரிய கோட்டோடு, எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

தம்பி அன்று ராத்திரி வரை "அக்கா, நல்லவனா கெட்டவனா" என்று கேட்கவில்லை.

ஏழாம் நாள்: போல்டர், கொலராடோ

கொலம்பியா கல்லறைத் தோட்டம் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. சுற்றிலும் வீடுகள், பெரிய மரங்கள், நாயை நடக்கக் கூட்டிவருகிற மாணவர்கள். ஹார்னின் அண்ணன் சார்லஸ் இந்த ஊரில் இருந்ததால் உடலை இங்கே கொண்டுவந்தார்.

கல் சின்னதுதான். அன்பு நினைவாக, டாம் ஹார்ன், 1861–1903 என்றிருக்கிறது. பிறந்த வருடம் தப்பு. 1860. நாற்பத்து மூன்று வயது முடிய ஒருநாள் இருக்கும்போது தூக்கில் போட்டார்கள். யாரோ நாணயங்களை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் எதுவும் கொண்டுவரவில்லை.

"அவ்வளவு தூரம் தடம் பார்த்த மனுஷனோட வருஷத்தையே தப்பா வெட்டியிருக்காங்களே அக்கா" என்றான் தம்பி. முதல் தடவையாக மனுஷன் என்று சொன்னான்.

நோட்டை எடுத்து, 1861 என்று கல்லில் உள்ளபடி எழுதி, பக்கத்தில் 1860 என்று குறித்துக்கொண்டேன். கீழே, அடுத்த முறை தேட வேண்டியவை என்று இரண்டு வரி. வில்லி நிக்கல். லிட்டில் ரோப். விமானம் மாலை ஐந்தரைக்கு.